பேட்ச்வொர்க் பிளாக்: தைப்பதும் இஸ்திரி போடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பிளவுஸ், சுடிதார் எல்லாம் தைத்துப் பழகிய கைகாரிகள். அவர்களே துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிற பேட்ச்வொர்க் என்று உட்கார்ந்தால் மூலையோடு மூலை சேராது. துண்டுகள் சேர்ந்து ஒரு சதுரமாகிறதே, அந்த பிளாக்கில் ஒன்று பெரிசு, அடுத்தது சின்னது என்று வரும். உடனே மிஷின் மேல் பழி போடுவார்கள். நான் பார்த்தவரை பாதிக் கோளாறு இஸ்திரிப் பெட்டியில்தான் கிடக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் பெட்டியைப் பற்றிய பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அளவெல்லாம் இஞ்ச், நூல் கணக்கில் சொல்கிறேன். 8 நூல் ஒரு இஞ்ச். கால் இஞ்ச் என்றால் 2 நூல்.

எந்தத் துணியில் ஆரம்பிக்கலாம்?

பிளவுஸ் துணி. டூ பை டூ, பாப்ளின், காட்டன் லைனிங், மெல்லிய காட்டன் சட்டைத் துணி எல்லாம் சரிவரும். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், கையில் பிடித்தால் வழுக்கக் கூடாது, இழுத்தால் நீளக் கூடாது. பனியன் துணி வேண்டவே வேண்டாம். சில்க் காட்டனும் ஜார்ஜெட்டும் பார்க்க அழகு, ஆனால் முதல் பிளாக்குக்கு ஆகாது. ஒரே பிளாக்கில் தடித் துணியையும் மெல்லிய துணியையும் கலக்காதீர்கள். ஜீன்ஸ் துண்டு பக்கத்தில் லைனிங் துண்டு வைத்தால், மெல்லியது சுருங்கிச் சுருங்கித் தடித்ததற்கு அடிபணிந்துவிடும்.

பழைய காட்டன் புடவையை எடுக்கலாம். உடல் பகுதி நைந்திருந்தாலும் முந்தானைப் பக்கமும் உள்ளே மடித்துச் செருகும் தலைப்பும் நன்றாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், இழை விலகியிருந்தால் தள்ளிவிடுங்கள்.

கட்பீஸ் மூட்டையில் எது காட்டன், எது பாலியஸ்டர் என்று எப்படித் தெரியும்?

டெய்லர் கடையில் கேட்டு வாங்கியதென்றால் அவரே சொல்லிவிடுவார். ஓசூர், பெங்களூர் பக்கம் கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் விழுகிற வெட்டுத் துணி கிலோக் கணக்கில் வரும்போதுதான் தலைவலி. எல்லாம் கலந்து கிடக்கும்.

ஓரத்தில் நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றுவிடும். சாம்பலும் மணியும் கலந்து வந்தால் கலப்புத் துணி. அதையும் தைக்கலாம், ஆனால் தனி மூட்டையாக வையுங்கள். காட்டனுக்கு வைக்கிற சூட்டில் கலப்புத் துணி பளபளவென்று மினுங்கும், பிறகு அந்த மினுக்கம் போகாது.

துவைத்துவிட்டு வெட்டணுமா, வெட்டிவிட்டுத் துவைக்கலாமா?

முழுத் துணியாக இருந்தால் துவைத்துவிட்டு வெட்டுங்கள். காட்டன் முதல் துவையலில் சுருங்கும். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சுருங்கும். கைக்குட்டை அளவுத் துண்டுகளை ஊறவைத்தால் ஓரமெல்லாம் பிரிந்து நூல் பந்தாகிவிடும். அந்த மாதிரித் துண்டுகளுக்குத் தண்ணீர் தெளித்து, காட்டன் சூட்டில் பெட்டியை வைத்து எடுத்தாலே போதும்.

சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் நம்பக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் வைத்து, சூடான பெட்டியால் ஒரு அழுத்து அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் பிடித்தால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

கஞ்சி போடணுமா?

போட்டால் பாதி வேலை குறையும். குறிப்பாக முக்கோணம் வெட்டுகிறவர்களுக்கும் லைனிங் துணியில் தைக்கிறவர்களுக்கும். ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியைத் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, நீர்க்கப் பண்ணிக்கொள்ளுங்கள். மரவள்ளி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கஞ்சி ஸ்ப்ரே டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. வடிகஞ்சியும் நல்லதுதான், வெளிர் துணிக்கு மட்டும் தெளிந்த மேல்தண்ணீரை எடுங்கள். கேழ்வரகுக் கஞ்சியைக் குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், துணியில் பழுப்பேறும்.

ஒன்று மட்டும் முக்கியம்: கஞ்சி வெட்டுவதற்கு முன். வெட்டிய துண்டை நனைத்தால் அளவு மாறிவிடும். கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் ஸ்கேலை எடுக்க வேண்டும்.

எவ்வளவு சேர்த்து வெட்டணும்?

சதுரம், செவ்வகம் என்றால் தைத்து முடித்தபின் வேண்டிய அளவோடு அரை இஞ்ச். நாலு பக்கமும் 2 நூல் தையலுக்குப் போகும், அதனால். 3 இஞ்ச் கட்டம் வேண்டுமென்றால் 3½ வெட்டுங்கள். அப்படி ஒன்பது கட்டம் சேர்த்த பிளாக், ஓரத் தையல் போடுவதற்கு முன் 9½ இஞ்ச் இருக்கும். போர்வையில் சேர்ந்தபின் 9 இஞ்ச்.

இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரமாகிற வடிவத்துக்குக் கணக்கு வேறு: வேண்டிய அளவோடு 7 நூல். 3 இஞ்ச் வேண்டுமென்றால் 3 இஞ்ச் 7 நூல். நான் 4 இஞ்சாகவே வெட்டச் சொல்வேன். தைத்து, அழுத்தி, 3½ஆகச் சீவிக்கொள்ளலாம். ஒரு நூல் துணி வீணாகும், மனசு நிம்மதியாக இருக்கும்.

பிளவுஸுக்குப் பக்கத்தில் உள்தையல் விட்டுப் பழகியவர்கள், “பின்னாடி பிரிச்சுக்கலாம்” என்று இங்கேயும் ஒரு இஞ்ச் விடுகிறார்கள். பேட்ச்வொர்க்கைப் பிரித்துப் பெரிதாக்குகிற வேலையே கிடையாது. விட்ட துணியெல்லாம் உள்ளே கட்டி கட்டியாகத் தங்கும்.

கத்தரி போதுமா, அந்தச் சக்கரக் கத்தி வேணுமா?

கத்தரி போதும். வட்ட பிளேடு உருண்டு வெட்டுகிற அந்தச் சக்கரக் கத்தியை (ரோட்டரி கட்டர்) ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979இல்தான் கொண்டுவந்தது; அதற்கு முன்பும் உலகம் முழுக்கப் போர்வை தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அட்டையில் அச்சு வெட்டி, கூர்மையான பென்சிலால் வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். டெய்லர் சாக் வேண்டாம், அதன் கோடே ஒரு நூல் தடிமன் இருக்கும். அச்சட்டை நாலைந்து துண்டுக்கு ஒருமுறை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிக்கொண்டால் தேயாது.

சக்கரக் கத்தி வைத்திருப்பவர்கள் வெட்டும்போது அடியில் போடுகிற பச்சை விரிப்பின் (மேட்) மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள். ஒருமுறை சூடு பட்டால் வளைந்துவிடும், நிமிராது.

2 நூல் விட்டுத்தான் தைக்கிறேன், ஆனாலும் பிளாக் சின்னதாகிறது. ஏன்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். காரணம் இரண்டு.

முதலாவது, தைத்த துணியை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது மடிப்புக்கென்று ஓரிரு இழைத் துணி போகிறது. அதனால் சரியாக 2 நூலில் தைத்தால் பிளாக் குறையும். 2 நூலைவிட ஒரு இழை குறைவாக, ஓரத்துப் பக்கமாகத் தைக்க வேண்டும். ஸ்கேல் வைத்துத் தையலை அளக்காதீர்கள். தைத்து அழுத்திய துண்டை அளங்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டுப் பாருங்கள். நடுப்பட்டை அச்சாக 1 இஞ்ச் இருக்க வேண்டும், மொத்தம் 3½. நடுப்பட்டை குறைந்தால் இன்னும் ஓரமாகத் தையுங்கள். கூடினால் கொஞ்சம் உள்ளே வாருங்கள்.

இரண்டாவது, பூட்டின் (துணியை அமுக்கிப் பிடிக்கிற மிஷின் பாதத்தின்) ஓரத்தை நம்புவது. உஷாவோ சிங்கரோ, ஊசியிலிருந்து பூட்டின் வலது ஓரம் 2 நூல்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளி ஒரு கோடு போடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை அந்தக் கோட்டுக்கு ஒரு இழை வலப்பக்கமாக இறக்குங்கள். பூட்டை இறக்கி, தாளின் வலது ஓரத்தை ஒட்டித் தகட்டின் மேல் டேப் ஒட்டுங்கள். துணியை நகர்த்துகிற பல்லை மூடாமல் ஒட்ட வேண்டும். டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டினால் சின்னச் சுவர் மாதிரி நிற்கும், துணி அதில் உரசிக்கொண்டு நேராகப் போகும். தைக்கும்போது கண் ஊசியில் இருக்கக் கூடாது, அந்தச் சுவரில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தையலிலும் அரை நூல்தானே என்று விட்டால் என்ன ஆகும்? ஒரு தையலில் இரண்டு துண்டிலும் அரை அரை நூல் போகிறது, ஆக ஒரு நூல். ஒன்பது கட்ட பிளாக்கில் ஒரு வரிசைக்கு இரண்டு தையல்: 2 நூல் குறைந்து 9½ இஞ்ச் 9¼ ஆகிவிடும். எட்டுப் பட்டை சேர்க்கிற பிளாக்கில் ஏழு தையல், ஏழு நூல் காலி.

ஊசி, நூல், தையல் நீளம்?

ஊசி 11 அல்லது 14. சட்டைக்குப் போட்ட 16ஐ அப்படியே விட்டால் மெல்லிய துணியில் ஓட்டை விழும். நூல் காட்டனோ ஸ்பன் பாலியஸ்டரோ, மெல்லியதாக. சாம்பல் நிறம் ஒன்று வாங்கிவைத்தால் எல்லாத் துணிக்கும் ஓடும்.

இஞ்சுக்கு 12 தையல். மிஷினில் இருக்கிற எண்ணை நம்பாமல், கழிவுத் துணியில் தைத்து எண்ணிப் பாருங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்க வேண்டாம். குறுக்கே வருகிற அடுத்த தையல் அதைப் பூட்டிவிடும். ரிவர்ஸ் அடித்த இடம் கட்டியாகிப் பெட்டிக்குப் படியாது.

முதல் தையலிலேயே துணியின் முனை ஓட்டைக்குள் இழுபட்டுப் போகிறதா? ஒரு கழிவுத் துண்டில் தையலை ஆரம்பித்து, நூலை அறுக்காமல் அதன் பின்னாலேயே அடுத்தடுத்த ஜோடிகளை விட்டுக்கொண்டே போங்கள். தோரணம் மாதிரி வரும். நூலும் மிச்சம், காலும் நிற்காமல் ஓடும்.

துணியைத்தான் நல்லா தேய்க்கிறேனே, அப்புறம் என்ன தப்பு?

தேய்ப்பதுதான் தப்பு. சட்டைக்குப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டுவோம். பிளாக்கில் அப்படி ஓட்டினால் சதுரம் சாய்சதுரம் ஆகும். பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், இரண்டு மூன்று நொடி நிற்க வேண்டும், தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு துண்டு தைத்தாயிற்று. அதை விரிக்காமல், தைத்த நிலையிலேயே தையலின் மேல் பெட்டியை வையுங்கள். நூல் துணிக்குள் அமுங்கும், தையல் போகும்போது விழுந்த சின்னச் சுருக்கமும் போகும். பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், தாண்டியது முடிவில் தெரியும். பிறகு அடர் நிறத் துண்டு மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, அதைக் கையால் விரித்து, விரல் நகத்தால் தையல் கோட்டில் ஒரு கோடு இழுங்கள். அப்புறம் பெட்டியின் ஓரத்தைத் தையல் கோட்டில் மெதுவாக இறக்குங்கள். துணியின் நல்ல பக்கத்திலிருந்து செய்ய வேண்டும். பின்பக்கத்திலிருந்து செய்தால் முன்னால் ஒரு சின்ன மடிப்பு ஒளிந்துகொள்ளும். பார்க்கத் தெரியாது, அளந்தால் ஒரு நூல் குறையும். அதே இடத்தில் சூடு ஆறும்வரை கையை வைக்காமல் விடுங்கள். சூட்டோடு தூக்கினால் தொங்கி இழுபடும்.

ஒவ்வொரு தையலுக்கும் இப்படி. “எல்லாம் தைச்சுட்டு மொத்தமா ஒரு தேய் தேய்ச்சுக்கலாம்” என்பது இந்த வேலையில் செல்லாது. குறுக்குத் தையல் போட்டபிறகு உள்ளே மடிந்ததை எந்தப் பெட்டியும் நிமிர்த்தாது.

கீழே விரிக்கிறதும் முக்கியம். மெத்தென்ற கட்டிலில் வைத்தால் பிளாக் அலை அலையாக வரும். மரமேசை, அதன்மேல் ஒரே மடிப்பாகக் கம்பளி, அதன்மேல் பழைய வேட்டி. இவ்வளவு கடினம் போதும்.

தையலை எந்தப் பக்கம் சாய்க்கணும்?

அடர் நிறப் பக்கம். வெளிர் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கிற கருநிற ஓரம் நிழலாகத் தெரியும்.

ஒன்பது கட்ட பிளாக்கில் இதுவே மூலையையும் சேர்த்துவிடும். முதல் வரிசையும் மூன்றாவதும் அடர்-வெளிர்-அடர். தையல் இரண்டும் வெளிப்பக்கம் சாயும். நடு வரிசை வெளிர்-அடர்-வெளிர். தையல் இரண்டும் உள்பக்கம் சாயும். இப்போது வரிசைகளை நேருக்கு நேர் வைத்தால் மேல் தையலின் மேடு கீழ்த் தையலின் பள்ளத்தில் போய் உட்காரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து உருட்டிப் பாருங்கள். இரண்டும் முட்டி நின்றால் இனி நகராது. ஒரு குண்டூசி குத்தி, ஊசி பக்கத்தில் வருவதற்குள் எடுத்துவிட்டுத் தையுங்கள்.

சிலர் தையலை இரண்டு பக்கமும் விரித்து அழுத்துகிறார்களே?

பல முனை ஒரே இடத்தில் கூடுகிற நட்சத்திர வடிவத்துக்கு அது நல்லது, கட்டி குறையும். கோட், சஃபாரி தைத்தவர்களுக்குக் கை பழகியதும்கூட. மற்ற இடத்தில் நான் செய்வதில்லை. மேடு பள்ளம் பூட்டுகிற வசதி போய்விடுகிறது, பிறகு தையல் கோட்டிலேயே மேல்தையல் ஓட்டினால் ஊசி வெறும் நூலில்தான் குத்தும். எட்டு முனை சேர்கிற இடம் அப்பவும் மேடாக இருந்தால், அந்த நடு முடிச்சில் ஓரத்துத் தையல் இரண்டு மூன்றைப் பிரித்து, தையல்களைக் காற்றாடி மாதிரி ஒரே சுற்றில் படுக்கவைத்து அழுத்துங்கள்.

முக்கோணம் வைத்த பிளாக் மட்டும் நெளிகிறது.

கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம், இழுபடுகிறது. பிளவுஸுக்குக் கிராஸ் கட்டிங் எதற்குப் போடுகிறோம்? இழுத்தால் கொடுக்க வேண்டும் என்றுதானே. இங்கே அதே குணம் எதிரி. அதனால் முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். அடர் சதுரமும் வெளிர் சதுரமும் நல்ல பக்கம் உள்ளே இருக்க வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் 2 நூல் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். இரண்டு சதுரத்தில் இரண்டு துண்டு கிடைக்கும், கிராஸ் ஓரத்தைக் கை தொடவே தொடாது. அழுத்தும்போது பெட்டி நீளவாக்கு நூலின் திசையில் இறங்கட்டும். ஆவி வேண்டாம். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை நறுக்கிவிடுங்கள்.

கரிப்பெட்டியில் போடலாமா?

தாராளமாக. கனமான பெட்டி, கை பலமே தேவையில்லை, வைத்தாலே அமுங்கும். கரன்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் மூன்று ஜாக்கிரதை. சாம்பலைத் தட்டிவிட்டு, கரி கனிந்தபின்தான் எடுக்க வேண்டும்; புகைகிற கரியில் பொறி பறக்கும். அடிப்பாகத்தை ஈரத் துணியில் துடைத்து, முதலில் கழிவுத் துணியில் ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிர் நிறத்தின் மேல் மெல்லிய வேட்டித் துண்டு போட்டே அழுத்த வேண்டும். விசிறுகிறதானால் பிளாக் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி விசிறுங்கள்.

ஸ்டீம் பெட்டியில் பழுப்புக் கறை கக்குகிறது.

போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரின் குணம் தெரிந்ததுதான். ஃபுளோரைடு தொல்லைக்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்கிறதற்கு ஃபுளோரைடு பிரச்சினை, பெட்டிக்கு உப்பு பிரச்சினை. உப்பு உள்ளே படிந்து துவாரத்தை அடைக்கும், திடீரென்று வெள்ளையாகவோ பழுப்பாகவோ துப்பும். மழைத்தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றுங்கள். உண்மையில் இந்த வேலைக்கு ஆவியே அவசியமில்லை. தைத்து முடித்த பிளாக்குக்குக் கடைசியில் ஒரு முறை போதும்.

தெருமுனை இஸ்திரிக் கடையில் கொடுக்கலாமா?

துணியை வெட்டுவதற்கு முன் கொடுங்கள், அவர் அளவுக்கு நாம் போட முடியாது. தைத்த பிளாக்கைக் கொடுக்காதீர்கள். சுருக்கத்தை இழுத்து எடுப்பதுதான் அவர் தொழில், பிளாக்கையும் இழுத்துவிடுவார்.

எல்லாம் செய்தும் ஒரு பிளாக் ஒரு நூல் குறைந்திருக்கிறது. பிரிக்கணுமா?

ஒரு நூலுக்குப் பிரிக்காதீர்கள். பக்கத்து பிளாக்கோடு இரண்டு முனையையும் நடுவையும் குண்டூசியில் பொருத்தி, பெரிய பிளாக் கீழே இருக்கும்படி வைத்துத் தையுங்கள். மிஷின் பல் கூடுதல் துணியைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். 2 நூலுக்கு மேல் குறைந்தால் எங்கே தப்பு என்று ஒவ்வொரு கட்டமாக அளந்து, அந்தத் தையலை மட்டும் பிரியுங்கள். அளப்பதற்கு முன் இன்னொரு தடவை அழுத்திவிடுங்கள். பாதி சமயம் காணாமல் போன நூல் மடிப்புக்குள்ளேயே இருக்கும்.

எல்லா பிளாக்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அதுதான் உங்கள் அளவு. சந்தோஷமாகத் தொடருங்கள்.

நம்ம பக்கம் இது விற்குமா?

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழிக் குளிர் எப்படி என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், போர்வைக்குத் தேவை இருக்கிறது. தடை வேறு இடத்தில்: ஒட்டுப் போட்ட துணி என்றால் இல்லாதவர்கள் வீட்டுத் துணி என்ற நினைப்பு பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. வட கர்நாடகத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற கவுதியை இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். நம் வீடுகளிலும் குழந்தைக்குப் பழைய புடவையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் படுக்க வைத்தவர்கள்தானே. முதலில் தொட்டில் துணி அளவு, தலையணை உறை என்று சின்னதாகச் செய்து காட்டுங்கள். பெரிய போர்வையை ஒரே ஆள் தைத்து விலை சொன்னால், வாங்குகிறவர்கள் கடைப் போர்வை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் தருமபுரியில்தான் தொடங்கியது. குழுவில் நாலு பேர் சேர்ந்தால் வெட்ட ஒருவர், தைக்க இருவர், பெட்டிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பெட்டிக்கு உட்காருகிறவர் குழுவிலேயே பொறுமைசாலியாக இருக்கட்டும்.

தைத்த பிளாக்குகளை எப்படி எடுத்து வைப்பது?

மடிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக, அட்டை மேல் அடுக்கித் தலையணை உறைக்குள் போட்டுவையுங்கள். கஞ்சி போட்ட துணிக்கு ராமபாணப் பூச்சி வரும். மாதக்கணக்கில் வைக்கப்போவதானால் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், இலை நேரடியாகத் துணியில் படக் கூடாது. போர்வை முழுதாகத் தைத்து முடிந்ததும் ஒருமுறை அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும்.